தாரை வார்த்த விலாசம்

நம்புறவங்க நம்புங்க, நம்பாதவங்க எழுந்து போய் வேற வேலையைப் பாருங்க, எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். நடந்தது எனக்கு, தெருத்தெருவா திண்டாடினது நான், இன்னைய தேதி வரைக்கும் ஒண்ணும் புரியாம முழிச்சிட்டு இருக்கிறதும் நான்தான். எங்க வீட்டு விலாசத்தை நான் தாரை வார்த்துக் கொடுத்தது ஒரு ஆனி மாசத்து வெள்ளிக்கிழமை, காலையில பத்து மணிக்கு, ராகுகாலம் பிறக்கிறதுக்கு முன்னால. கொடுக்கும்போது மனசு உறுத்தல, உள்ளதைச் சொன்னா கொஞ்சம் பெருமையாக்கூட இருந்துச்சு.

திருச்சி உறையூர்ல பாக்குக்காரத் தெரு பதினாலாம் நம்பர் எங்க வீடு. முப்பத்தோரு வருஷமா அதே வீடு, அதே நம்பர். தெருக்கோடியில திரும்பி, மாவு மில்லைத் தாண்டி நடந்தா ஒரு பழைய நெல் கிடங்கு வரும், பூட்டி எத்தனையோ வருஷமாச்சு. அதோட சுவரை ஒட்டி, பிளாட்பாரத்துல நீலத் தார்ப்பாய் கட்டிக்கிட்டு ஏழு குடும்பம் இருந்துச்சு. ஏழு குடும்பத்துக்கும் சேர்த்து பதினோரு பிள்ளைங்க. எங்க தெருப் பொம்பளைங்க பன்னெண்டு பேர் சேர்ந்து வெள்ளிக்கிழமைக் குழுன்னு ஒண்ணு வச்சிருந்தோம். வெள்ளிக்கிழமை காலையில விளக்கு பூஜை பண்ணிட்டு, படைச்ச சுண்டலையும் சக்கரைப் பொங்கலையும் தூக்குல போட்டுக்கிட்டு அந்தச் சுவர்கிட்ட போய் பிள்ளைங்களுக்குக் கொடுத்துட்டு, பேனரைப் பிடிச்சு ஒரு போட்டோ எடுத்துக்கிட்டு வந்துடுவோம்.

குழுவுக்குத் தலைவி மங்களேஸ்வரி டீச்சர். ரிட்டயர் ஆகி எட்டு வருஷமாச்சு, ஆனாலும் இன்னும் எங்களை எல்லாம் பெஞ்சு மேல ஏத்துற குரல்லதான் பேசுவாங்க. அவங்களுக்கு ஒரு பிடிவாதம். எதைக் கொடுத்தாலும் தாரை வார்த்துத்தான் கொடுக்கணும். "கொடுத்துட்டு மனசுல பிடிச்சு வச்சுக்கிறது தானம் இல்லம்மா. தண்ணி விழணும், 'இனி இது எனதில்லை, உனதே'ன்னு வாய்விட்டுச் சொல்லணும், அப்பதான் அது போய்ச் சேரும்"னு சொல்லுவாங்க. அதனால போர்வை கொடுத்தாலும் செம்புத் தண்ணி, சோப்பு கொடுத்தாலும் செம்புத் தண்ணி. ஒரு தடவை நோட்டுப் புத்தகத்துக்கும் தண்ணி விட்டு, பிள்ளைங்க பதினொண்ணும் ஆளுக்கொரு நோட்டைச் சுவர்மேல காயப்போட்டு காவல் காத்துச்சுங்க. அதையும் போட்டோ எடுத்தோம்.

அந்தப் பதினோரு பிள்ளைங்கள்ல ஒண்ணுதான் மோனிஷா, பவுனோட மகள், ஆறு வயசு. பவுனு கல்யாண மண்டபத்துல பாத்திரம் கழுவுறவ, புருஷன் செல்வராசு பந்தல் போடப் போறவன். மோனிஷா எங்களைப் பார்த்தா சுண்டலைப் பார்க்க மாட்டா, பேனரைப் பார்ப்பா. அதுல இருக்கிற எழுத்தைத் தொட்டுத் தொட்டு "இது என்னாது, இது என்னாது"ன்னு கேட்டு உசிரை வாங்குவா. ஒருநாள் டீச்சர் அதிசயமா மனசு இளகி, "இதை ஸ்கூல்ல சேர்த்துடலாம், முதல்ல ஒண்ணைச் சேர்த்துப் பார்ப்போம், மத்ததை அப்புறம் யோசிப்போம்"னாங்க. நடந்து போற தூரத்துல இருந்தது ஒரே ஒரு பள்ளிக்கூடம். அங்க போய்க் கேட்டா விலாசம் வேணும்னாங்க. கிடங்குச் சுவர்னு எழுதினா கம்ப்யூட்டர் எடுத்துக்காதாம். யாராவது வீட்டுக்காரங்க, இந்தக் குழந்தை எங்க வீட்டு விலாசத்துலதான் குடியிருக்குன்னு ஒரு கடுதாசி கொடுத்தா போதும்னு ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா சொன்னாங்க.

குழுவுல பன்னெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்தோம். ஒருத்தி மாமியாரைக் கேக்கணும்னா, ஒருத்தி வாடகை வீடுன்னா, டீச்சர் தன் மருமகளுக்குப் பிடிக்காதுன்னாங்க. எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "ஒரு விலாசம்தானே, கொடுத்தா என்ன குறைஞ்சா போயிடும், எழுதுங்க பதினாலாம் நம்பர்னு"ன்னுட்டேன். டீச்சர் விடுவாங்களா? கடுதாசியைத் தாம்பாளத்துல வச்சு, துளசி போட்டு, என் கையில செம்பைக் கொடுத்தாங்க. நான் தண்ணியை விட்டேன், "இனி இது எனதில்லை, உனதே"ன்னு மனசாரச் சொன்னேன், பன்னெண்டு பேரும் கை தட்டினோம். பவுனு நனைஞ்ச கடுதாசியை ரெண்டு கையால வாங்கிக்கிட்டு, "இத நான் என்னம்மா பண்றது?"ன்னு கேட்டா. "வச்சுக்கோ, இனிமே உனக்கும் ஒரு விலாசம் இருக்கு"ன்னேன்.

திங்கக்கிழமை மோனிஷா யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு பள்ளிக்கூடம் போனா. அன்னைக்குச் சாயங்காலம் கருவேப்பிலை வாங்க நான் கடைக்குப் போனேன். வாங்கிட்டு, எப்பவும் வர்ற வழியில வந்தேன், இடது பக்கம் திரும்பினேன், செருப்பைக் கழட்டினேன், நிமிர்ந்து பார்த்தா எதிர்ல பவுனு அடுப்பு ஊதிட்டு இருக்கா. நான் நெல் கிடங்குச் சுவர்கிட்ட நிக்கிறேன். ஏதோ ஞாபகத்துல நடந்துட்டோம்னு நினைச்சு, தலையில தட்டிக்கிட்டு, மறுபடி வீட்டுக்குக் கிளம்பினேன். மாவு மில், தெருமுனை, பிள்ளையார் கோயில், பன்னெண்டாம் நம்பர், பதிமூணாம் நம்பர், இடது பக்கம் திரும்பினா மறுபடியும் பவுனு. "என்னம்மா, எதுனா வச்சுட்டுப் போயிட்டீங்களா?"ன்னு கேட்டா. நாலு தடவை போனேன், நாலு தடவையும் கருவேப்பிலையோட அவ முன்னாடியே வந்து நின்னேன். அஞ்சாவது தடவை போகலாமான்னு நினைக்கும்போது, ஆறு பத்துக்கு எங்க வீட்டுக்காரர் வந்துட்டார்.

அவர் பேர் தெய்வசிகாமணி, பஸ் டிப்போவுல டைம்கீப்பர். முப்பது வருஷமா ஆறு பத்துக்கு வீட்டு வாசல்ல சைக்கிளை நிறுத்துற மனுஷன். அன்னைக்கும் ஆறு பத்துக்குத்தான் நிறுத்தினார், ஆனா தார்ப்பாய் கயித்துல சாய்ச்சு நிறுத்தினார். என்னைப் பார்த்துட்டு, "சௌந்தரம், காபி போட்டியா?"ன்னார். அப்புறம்தான் சுத்திமுத்தும் பார்த்தார். "இது என்ன இடம்?"ன்னார். எனக்கு அழுகையா வந்துச்சு, கோபமாவும் வந்துச்சு, எதை முதல்ல பண்றதுன்னு தெரியாம கருவேப்பிலையைக் கையில கசக்கிக்கிட்டே நின்னேன்.

மறுநாளே தெரு பூராத் தெரிஞ்சு போச்சு. வீடு எங்கயும் போகல, அங்கதான் இருக்கு, பதிமூணுக்கும் பதினஞ்சுக்கும் நடுவுல, பச்சை கேட்டோட, எல்லாருக்கும் அவங்கவங்க மாடியில இருந்து கண்ணுக்குத் தெரியுது. ஆனா பதினாலாம் நம்பருக்குப் போறேன்னு நினைச்சு யார் கிளம்பினாலும் சுவருக்குத்தான் வந்து சேர்ந்தாங்க. பதிமூணாம் நம்பர்காரர் என் கையைப் பிடிச்சு, "வாங்கம்மா, நான் கொண்டுபோய் விடறேன், பத்தடிதானே"ன்னு கூட்டிட்டுப் போனார், ரெண்டு பேருமா வந்து பவுனு அடுப்பாண்டை நின்னோம். அந்த மனுஷன் திரும்பத் தன் வீட்டுக்குப் போறதுக்கும் பயந்துட்டார் பாவம். பால் பாக்கெட் சுவர்கிட்ட வந்துச்சு. தபால் வந்துச்சு. கேஸ்காரர் சிலிண்டரைத் தோள்ல சுமந்து வந்து பவுனு முன்னால இறக்கி, கையெழுத்து வாங்கிக்கிட்டு, "வீடு மாத்தியாச்சுங்களா?"ன்னு கேட்டுட்டுப் போயிட்டார். பவுனுகிட்ட ஸ்டவ் இல்ல, சிலிண்டரை என்ன பண்றதுன்னு தெரியல, மோனிஷா அதுமேல உக்காந்து வீட்டுப்பாடம் எழுதினா.

ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் எந்தத் தொந்தரவும் இல்ல. எங்க வீட்டுல பத்துப் பாத்திரம் தேய்க்கிற தனபாக்கியம். அவளுக்கு நம்பர் தெரியாது, பன்னெண்டு வருஷமா வர்றா, எங்க வீட்டுக்கு அவ வச்ச பேர் "நாய் இல்லாத வீடு". அவ பாட்டுக்குக் காலையில போவா, தன்கிட்ட இருக்கிற சாவியைப் போட்டுத் திறப்பா, கூட்டுவா, செடிக்குத் தண்ணி ஊத்துவா, எங்களுக்கு மாத்துத் துணியும் அவரோட பிரஷர் மாத்திரையும் எடுத்துக்கிட்டு சுவருக்கு வந்து கொடுத்துட்டுப் போவா. "அம்மா, உங்க துளசி பூத்திருக்குது"ன்னு சேதி சொல்லுவா. எனக்கு வயிறு எரியும். "என்னையும் கூட்டிட்டுப் போடி"ன்னு அவ முந்தானையைப் பிடிச்சுக்கிட்டே போனேன், கண்ணைக் கூட மூடிக்கிட்டுப் போனேன். கண்ணைத் திறந்தா முந்தானை கையில இல்ல, கிடங்குச் சுவர்தான் இருக்கு. "நம்பரை மறங்கம்மா, மறந்துட்டா வந்துடலாம்"னா. முப்பத்தோரு வருஷமா ரேஷன் கார்டுல இருந்து கல்யாணப் பத்திரிகை வரைக்கும் எழுதின நம்பரை எப்படி மறக்கிறது? மறக்கணும்னு நினைக்கிறப்ப எல்லாம் அதுதான் முதல்ல ஞாபகத்துக்கு வந்து நிக்குது.

டீச்சர் வந்து பார்த்துட்டு, "நீ மனசு சுத்தமா கொடுத்திருக்கேம்மா, அதான் முழுசாப் போயிடுச்சு"ன்னு பாராட்டிட்டுப் போனாங்க. அவங்க வீட்டு மாடியில நாலு நாள் இடம் கொடுத்தாங்க, அஞ்சாம் நாள் மருமக பாத்திரத்தை வைக்கிற சத்தம் பெருசாச்சு. லாட்ஜுல தங்கினோம். லாட்ஜுல இருந்து என்னைக்கு "வீட்டுக்குப் போவோம்"னு அவர் வாய் தவறிச் சொல்றாரோ, அன்னைக்கு எங்க கால் சுவருக்கு வந்துடும். கடைசியில அலைய முடியாம, பவுனே ஒரு பாயை உதறிப் போட்டு, "இங்கனயே இருங்கம்மா, எத்தினி தபாதான் நடப்பீங்க"ன்னா. அப்படித்தான் நாங்க பிளாட்பாரத்துக்குக் குடிவந்தோம். அவர் அங்கிருந்தே டிப்போவுக்குப் போயிட்டு, ஆறு பத்துக்குத் திரும்பி வந்தார்.

முதல் வாரம் முழுக்க எனக்கு இருந்த கோபம் கொஞ்ச நஞ்சமில்ல. அடுப்பை ஊதினா புகை, குளிக்கணும்னா மறைப்பு இல்ல, போற வர்ற லாரி எல்லாம் புழுதியை இறைச்சிட்டுப் போகுது. பவுனு கேக்காமலே எல்லாம் சொல்லிக் கொடுத்தா, கட்டணக் கழிப்பறையில எந்நேரம் கூட்டம் இருக்காது, மழை எந்தப் பக்கமிருந்து அடிச்சா தார்ப்பாயை எந்தப் பக்கம் இழுத்துக் கட்டணும், அதெல்லாம். அம்மாங்கிறதை விட்டு என்னைக்கு அக்கான்னு கூப்பிட ஆரம்பிச்சாங்கிறது நினைவில்ல. மோனிஷாவோ காலையில எழுந்ததும் உரக்க ஒப்பிப்பா: "என் பேர் மோனிஷா, எண் பதினாலு, பாக்குக்காரத் தெரு, உறையூர், திருச்சிராப்பள்ளி மூணு." எதிர்ல வர்ற ஆட்டோக்காரன், பூக்காரி, எல்லாருக்கும் சொல்லுவா. போலீஸ்காரர் ஒருத்தர் வந்து லத்தியால தார்ப்பாயைத் தட்டி, காலி பண்ணுங்கன்னு சொன்னப்ப, அவருக்கும் சொன்னா. அந்த மனுஷன் தலையைச் சொறிஞ்சுக்கிட்டு, பதினாலாம் நம்பர்னா பட்டா இடமாச்சேன்னு முனகிட்டுப் போயிட்டார், அப்புறம் வரவே இல்ல. ஏழு குடும்பமும் அன்னைக்கு எனக்குக் கும்பிடு போட்டுச்சு. எனக்கு எதுக்குக் கும்பிடு வாங்குறோம்னே விளங்கல.

விலாசம் வந்துச்சே தவிர அவங்களுக்கு வீடு வரல. அதையும் சொல்லிடணும். அதே சுவர், அதே தார்ப்பாய். என் வீடு பூட்டிக் கிடந்துச்சு, தனபாக்கியம் நினைச்சா ஏழு குடும்பத்தையும் கையைப் பிடிச்சு உள்ள கொண்டுபோய் விட்டிருக்கலாம், அவங்களுக்கும் அந்த நம்பர் வெறும் மோனிஷாவோட பாட்டுதானே. அந்த யோசனை எங்க வீட்டுக்காரருக்கும் வரல, டீச்சருக்கும் வரல, எனக்கு வரவே இல்ல. பவுனுக்கு வந்திருக்கும். அவ கேக்கல.

ஆடி வெள்ளிக்கு எங்க குழு பேனரோட வந்துச்சு. நான் பாயில உக்காந்து கீரை ஆய்ஞ்சிட்டு இருக்கேன். பதினோரு பேரும் என்னைப் பார்த்து என்ன பண்றதுன்னு தெரியாம நின்னாங்க. எனக்குச் சுண்டல் கொடுக்கணுமா, இல்ல கூட நின்னு நான் கொடுக்கணுமா? டீச்சர் என்னை எழுப்பிக் கரண்டியைக் கையில கொடுத்தாங்க. நான் பவுனுக்கு ஒரு கரண்டி வச்சேன். பவுனு, "அக்கா, நீங்க காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடலையே"ன்னு அதுல பாதியை என் தட்டுல போட்டா. போட்டோ எடுக்கிற நேரம் நான் பேனருக்கு இந்தப் பக்கம் நிக்கிறதா, அந்தப் பக்கம் உக்கார்றதான்னு பெரிய பஞ்சாயத்தாச்சு. கடைசியில ஓரமா பாதி உடம்பு தெரியுற மாதிரி நின்னேன். அந்தப் படத்துல நான் யாருன்னு இப்பப் பார்த்தாலும் எனக்கே சொல்லத் தெரியல.

ஊர் பழகிடுச்சு. ஊருக்கு என்ன, எதுக்கும் பத்து நாள்ல பழகிடும். கல்யாணப் பத்திரிகை வைக்க வர்றவங்க பழத்தட்டோட சுவருக்கே வந்து, பாயில உக்காந்து டீ குடிச்சிட்டு, "காத்து நல்லா வருதே"ன்னு சொல்லிட்டுப் போனாங்க. நான் வெக்காளியம்மன் கோயிலுக்குப் போனேன். எங்க ஊர் அம்மனுக்குக் கூரை கிடையாது, தெரியுமில்ல, தன் ஜனத்துக்கெல்லாம் வீடு அமையுற வரைக்கும் எனக்கும் கூரை வேணாம்னு வெயில்லயும் மழையிலயும் உக்காந்திருக்கா. குறையைச் சீட்டுல எழுதி சூலத்துல கட்டுறது வழக்கம். நானும் சீட்டை வாங்கி, "தாயே, என் வீட்டை"ன்னு எழுதிட்டு, மேல எழுத வரல. யாரும் எடுத்துக்காத வீட்டை எப்படித் திருப்பிக் கேக்கிறது? "உனக்கு வேணாம்னா நீ இரு, எனக்குக் கூரை வேணும்டி ஆத்தா"ன்னு வாய்விட்டே சண்டை போட்டுட்டு வந்தேன். அதுக்கு ஒரு காரணமும் இருந்துச்சு.

எங்களுக்கு ஒரே மகள், சுகன்யா. ஓசூர்ல கட்டிக் கொடுத்திருக்கோம். அவளுக்குத் தலைப்பிரசவம். சம்பந்தி வீட்டுக்கு நாங்க மூச்சு விடல. என்னன்னு சொல்றது, வீடு இருக்கு ஆனா போய்ச்சேர முடியலைன்னா? ஆவணியில, ஒன்பதாம் மாசம், ஓசூர்லயே வளைகாப்பு பண்ணி, அவங்க கார்லயே, சம்பந்தியம்மாவும் கூட வர, அவளைக் கூட்டிட்டுக் கிளம்பினோம். அவ பொறந்து வளர்ந்த வீடாச்சே, அவளுக்காவது வழி விடாதான்னு ஒரு நப்பாசை. உறையூர் வந்ததும் டிரைவர் எந்தப் பக்கம்னு கேட்டார். நான் வாயைத் திறக்கிறதுக்கு முன்னால, "பாக்குக்காரத் தெரு பதினாலாம் நம்பர், எனக்குத்தான் மனப்பாடமாச்சே"ன்னு சம்பந்தியம்மா சொல்லிட்டாங்க. கார் அழகா மாவு மில்லைத் தாண்டி, கிடங்குச் சுவர்கிட்ட வந்து நின்னுச்சு.

கை நிறைய வளையலோட சுகன்யா இறங்கினா. தார்ப்பாயில என் புடவை காயுது, அவ அப்பா சட்டை காயுது. "அம்மா, இது என்னம்மா?"ன்னா. மோனிஷா ஓடி வந்து அவ வயித்தைத் தொட்டுப் பார்த்துட்டு, "பாப்பா இங்கதான் இருக்கப் போவுதா?"ன்னு கேட்டா. சம்பந்தியம்மா சுவரையும் பார்த்தாங்க, என்னையும் பார்த்தாங்க. "இதானா உங்க வீடு?"ன்னு கேட்டாங்க. "இது இல்லீங்க... விலாசம் இதான்"னு உளறினேன். "என் பேரன் பிளாட்பாரத்துல பொறக்க வேண்டியதில்ல சம்பந்தியம்மா. வீடு கிடைச்சதும் சொல்லி அனுப்புங்க"ன்னு அவங்க கார்ல ஏறிட்டாங்க. சுகன்யா ஏறமாட்டேன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டா. நான்தான் ஒவ்வொரு விரலா எடுத்து விட்டேன். கார் திரும்புறப்ப கண்ணாடி வழியா அவ என்னையே பார்த்துட்டுப் போன முகம் இருக்கே, பெத்தவளாப் பொறந்திருக்கவே கூடாதுன்னு தோணிச்சு.

மறுநாள் காலையில நேரா பள்ளிக்கூடத்துக்குப் போனேன். ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா பொறுமையாக் கேட்டாங்க, அவங்களுக்கு எதுவும் ஆச்சரியமா இல்ல, அவங்க பதினாலாம் நம்பருக்கு அனுப்பின தபாலே ரெண்டு சுவருக்குத்தான் போச்சாம். "கடுதாசியை வாபஸ் வாங்கினா பேரை எடுத்துடறேன். வேற விலாசம் கொண்டுவந்தா மறுபடி சேர்த்துக்கிறேன்"னாங்க. குழுவுல மத்த பத்துப் பேர்கிட்டயும் போய்க் கெஞ்சினேன். என் கதியைப் பார்த்த பிறகு யார் கொடுப்பா? கேட்டைத் திறக்காமலே பேசினாங்க. டீச்சர் மட்டும், "தண்ணி விட்டுக் கொடுத்தது, தண்ணி விட்டுத்தான் திரும்ப வரும். அவளா மனசு வச்சுக் கொடுக்கணும், பிடுங்க முடியாது"ன்னு சொன்னாங்க.

பவுனுகிட்ட எப்படிக் கேக்கிறதுன்னு நான் ரெண்டு நாள் வாயை மூடிக்கிட்டே இருந்தேன். மூணாம் நாள் காலையில அவளே வந்து பக்கத்துல உக்காந்தா. ஸ்கூல்ல நகல் எடுத்துக்கிட்டுத் திருப்பிக் கொடுத்த அந்தக் கடுதாசியை ட்ரங்குப் பெட்டியில இருந்து எடுத்து வச்சிருந்தா, பாலிதீன் கவர்ல போட்டு, மடிப்புக் கலையாம.

"இந்தாக்கா. உம் பொண்ணு வரணுமில்ல."

"பவுனு, மோனிஷா படிப்பு?"

"நாங்க இதுல பழகினவங்க. நீ பழகல. மாசமா இருக்கிற பொண்ணு எங்க போவும்?"

வேணாம்னு நான் சொல்லியிருக்கணும். ஒரு தடவை, ஒப்புக்காவது சொல்லியிருக்கணும். நான் கையை நீட்டினேன். செம்பு இல்ல, தண்ணி பாட்டில்தான் இருந்துச்சு. பவுனு அதைச் சாய்ச்சு என் உள்ளங்கையில ஊத்தி, நான் சொன்ன அதே வார்த்தையை, ஒண்ணு விடாம, "இனி இது எனதில்லை, உனதே"ன்னு சொன்னா. திருப்பிக் கொடுக்கிறப்ப இன்னொரு வார்த்தையும் சொல்லணும்னு டீச்சர் என்கிட்ட சொல்லியிருந்தாங்க, நான் சொல்லிக்கொடுக்க, அதையும் சொன்னா: "இனி எனக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல." மோனிஷா யூனிஃபார்ம் போட்டு ரெண்டு ஜடையும் பின்னிக்கிட்டு நின்னுட்டு இருந்தா. "அப்ப இன்னிக்கு ஸ்கூல் இல்லியா அத்தே?"ன்னு என்னைக் கேட்டா. "இன்னைக்கு மட்டும் லீவுடா கண்ணு"ன்னேன். பொய் சொன்னேன். அவ லீவுன்னதும் குதிச்சா.

அவரும் நானும் மூட்டையைத் தூக்கிக்கிட்டு நடந்தோம். மாவு மில், தெருமுனை, பிள்ளையார் கோயில், பன்னெண்டு, பதிமூணு, இடது பக்கம் பச்சை கேட். அவர் கேட்டைப் பிடிச்சுக்கிட்டு அழுதுட்டார். அன்னைக்குச் சாயங்காலமே கேஸ்காரர் வந்தார், தபால் வந்துச்சு, ஞாயித்துக்கிழமை சுகன்யா வந்தா. பதினெட்டாம் நாள் ஆஸ்பத்திரியில சுகப்பிரசவம், ஆண் குழந்தை. ஒரு குறையும் இல்ல. நான் சொல்றதைக் கேட்டு நீங்க என்னைத் திட்டலாம், ஆனா குழந்தையைக் கையில வாங்கினப்ப எனக்கு எதுவும் ஞாபகம் வரல.

பேரனுக்குப் பதினாறாம் நாள் பேர் வச்சு முடிஞ்ச வெள்ளிக்கிழமை, குழுவோட சேர்ந்து தூக்குல பொங்கலை எடுத்துக்கிட்டு சுவருக்குக் கிளம்பினேன். மோனிஷாவுக்கு வேற ஏதாவது வழி பண்ணணும்னு மனசுல ஓடிட்டே இருந்துச்சு. தெருமுனை திரும்பினோம், மாவு மில்லைத் தாண்டினோம், நிமிர்ந்தா எதிர்ல எங்க வீட்டுப் பச்சை கேட். பன்னெண்டு பேரும் பேனரோட எங்க வீட்டு வாசல்ல நிக்கிறோம். திரும்பப் போனோம், திரும்ப வந்தோம். மூணாவது தடவை டீச்சருக்கு மூட்டு வலி எடுத்துடுச்சு. "சரி, கொடுக்கணும்னு வந்தாச்சு, இங்கேயே கொடுத்துடுவோம்"னு எங்களுக்குள்ளேயே பொங்கலைப் பங்கு போட்டுச் சாப்பிட்டோம், போட்டோவும் எடுத்தோம்.

இதுக்கும் ஊர் பழகிடுச்சு. அதுக்கப்புறம் அவங்களுக்குக் கொடுக்கணும்னு கிளம்பின யாருக்கும் அந்தச் சுவர் கிடைக்கல. ஒரு ஆட்டோக்காரர்கிட்ட பழைய துணி மூட்டையைக் கொடுத்து அனுப்பினேன், அவர் மூட்டையோட என் வாசல்லயே வந்து இறங்கினார். குழுவோட ஆண்டு மலர்ல டீச்சர், "நமது முயற்சியால் கிடங்குச் சுவர் ஓரத்தில் இப்போது ஒருவரும் இல்லை"ன்னு எழுதிட்டாங்க. பொய்யுன்னும் சொல்ல முடியல. எங்க கண்ணுக்கு ஒருத்தரும் இல்லைதானே.

தனபாக்கியம் மட்டும் தினம் அந்த வழியாத்தான் வர்றா. அவ எதையும் கொடுக்கப் போறவ இல்ல, நடந்து வர்றவ. "இருக்காங்கம்மா, அங்கதான் இருக்காங்க. போலீசு ரெண்டு தபா வந்து தார்ப்பாயைப் பிரிச்சிச்சு, திரும்பக் கட்டிக்கிட்டாங்க. அந்தப் பொண்ணு சுவத்துல கரியால என்னமோ எழுதிக்கினே இருக்குது"ன்னு சொல்லுவா. நான் அவகிட்ட கெஞ்சிச் சொல்லி அனுப்பினேன், பவுனை ஒரு தடவை பிள்ளையோட பள்ளிக்கூடத்துக்கு வரச்சொல்லு, மறுபடியும் கடுதாசி எழுதித் தர்றேன், ஆனது ஆகட்டும்னு. அதைச் சொல்ல எனக்கு மூணு மாசம் பிடிச்சுச்சு. மறுநாள் பதில் கொண்டுவந்தா.

"பவுனு வேணாங்குது. 'மறுபடி பேர் எழுதினா அக்கா ரோட்டுக்கு வந்துடும், கைப்பிள்ளைக்காரி வூட்ல இருக்கா, வேணாம்'னு சொல்லிச்சு. உங்க பேரனுக்கு என்னா பேர் வச்சீங்கன்னு கேட்டுச்சு."

கொடுக்கப் போறவளுக்குத்தானே வழி அடையுது, சும்மா நடந்து பார்ப்போம்னு வெறுங்கையோட போனேன், அவங்களை நினைக்காம போனேன், மார்க்கெட்டுக்குப் போறதா என்னையே ஏமாத்திக்கிட்டுப் போனேன். நினைக்காம இருக்க முடியலையே. தெருமுனை திரும்புறதுக்குள்ள அந்தக் குழந்தையோட ஜடை கண்ணுல வந்துடுது, உடனே எதிர்ல பச்சை கேட் வந்துடுது. ஆனாலும் வெள்ளிக்கிழமைன்னா காலையில எழுந்து பொங்கல் வச்சு, தூக்குல போட்டுக்கிட்டுக் கிளம்பிடறேன். குழுவுல மத்தவங்க வர்றதை நிறுத்தியாச்சு.

இன்னைக்கும் போனேன். வெயில் சுள்ளுன்னு இருந்துச்சு, தூக்கு சூடு ஆறல. அரை மணி நேரம் நடந்து, கேட்டைத் தட்டினேன். சுகன்யா பிள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு வந்து திறந்தா. என்னையும் தூக்கையும் பார்த்துட்டு அவளுக்குச் சிரிப்பு தாங்கல.

"ஏம்மா, எங்க கிளம்பினாலும் இங்கேயே வந்து நிக்கிறியே. உனக்கு வீட்டை விட்டாப் போக வேற இடமே இல்லையா?"

"இல்லடி"ன்னு சொல்லிட்டு, செருப்பைக் கழட்டி வச்சுட்டு உள்ள போனேன்.